அப்புவின் கல்வெட்டு

சென்ற ஆடி அமாவாசையன்று கீரிமலைக்குச் சென்றிருந்தோம். தந்தையை இழந்தோர் அந்நாளில் அங்கே கூடித் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் ஆற்றுவது யாழ்ப்பாணத்தார் நன்கறிந்த வழக்கம். கடற்கரையிலே வரிசையாக அமர்ந்திருந்தோர் நடுவில் எமக்கும் ஓர் இடம் கிடைத்தது. குருக்கள் எமது விரலிலே தருப்பையை இட்டு, "தகப்பனார் பெயர்?" என்று கேட்டார். சொன்னோம். "பேரனார் பெயர்?" அதனையும் சொன்னோம். "பூட்டனார் பெயர்?" சற்றே சிந்தித்து அதனையும் சொல்லி முடித்தோம்.

எமக்குப் பக்கத்தில் இருபது வயது மதிக்கத்தக்க இளைஞர் ஒருவர் இருந்தார். பேரனார் பெயரோடு அவர் நின்றுவிட்டார். முகம் வாட, மடியிலிருந்த கைத்தொலைபேசியை எடுத்துக் கடல் கடந்த நாட்டிலிருக்கும் உறவினர் எவரையோ அழைத்தார். அங்கே அப்பொழுது நள்ளிரவாக இருந்திருக்க வேண்டும், எவரும் பேசவில்லை. "பரவாயில்லைத் தம்பி, தெரியாவிட்டாலும் செய்யலாம்" என்று குருக்கள் ஆறுதல் கூறினார். இளைஞரைப் பார்த்து எம் மனத்திலே சிறிது இரக்கமும், மறைப்பானேன், சிறிது பெருமிதமும் எழுந்தன. இக்காலத்துப் பிள்ளைகளுக்குத் தம் பூட்டனின் பெயர்தானும் தெரியவில்லையே என்று எண்ணிக்கொண்டோம்.

அந்தப் பெருமிதம் ஐந்து நிமிடங்கூட நிலைக்கவில்லை. தந்தை வழி முடிந்ததும் குருக்கள் தாய் வழிக்கு வந்தார். தாயாரின் தந்தை பெயரைச் சொன்னோம். அவருடைய தந்தை பெயரையும் சொன்னோம். மூன்றாவது பெயர் வாயில் வரவில்லை, மனத்திலும் வரவில்லை. எம் தாயார் 2011 ஆம் ஆண்டு வரை எம்மோடிருந்தார். ஒரு நாளாவது அதனைக் கேட்டறிந்தோமா? இல்லை. பக்கத்திலிருந்த இளைஞர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையிலே ஏளனம் இல்லை. அதுவே எம்மை மேலும் நாணச் செய்தது.

இப்பகுதியிலே நூல்களையும் ஊர்களையும் பெரியார்களையும் பற்றி நாம் எழுதி வருவது வாசகர்கள் அறிந்ததே. இவ்வாரம் எம் வீட்டுக் கதையொன்றை எழுத முற்படுகிறோம். வீட்டுக் கதையாயினும் பல வீடுகளுக்கும் பொருந்துவதாதலின், வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என நம்புகிறோம்.

தோட்டமும் சாய்மனைக் கதிரையும்

எம் தாயார் தம் தந்தையாரை 'அப்பு' என்று அழைத்தார். அதனைக் கேட்டு வளர்ந்த பேரப்பிள்ளைகளாகிய நாமும் அவ்வாறே அழைத்தோம். மருதனார்மடத்துக்கு அண்மையிலே, செம்மண் பூமியில், அவருக்குப் பன்னிரண்டு பரப்புத் தோட்டம் இருந்தது. புகையிலை, வெங்காயம், மிளகாய், மரவள்ளி என்று பருவம் பார்த்து மாற்றி மாற்றிப் பயிரிட்டார். அவருடைய இளமைக் காலத்தில் துலாவினாலே நீரிறைத்தார்கள். ஒருவர் துலாவின்மேல் முன்னும் பின்னும் நடக்க, மற்றொருவர் கீழே நின்று பட்டையைக் கவிழ்க்க, இன்னொருவர் வாய்க்காலிலே தண்ணீர் மாறிக் கட்டுவார். விடியற்காலம் மூன்று மணிக்கே இறைப்புத் தொடங்கிவிடும். பிற்காலத்தில் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, துலா ஓய்ந்தது. துலா மிதித்த காய்ப்பு மாத்திரம் அப்புவின் உள்ளங்கால்களில் கடைசி வரை இருந்தது.

1970 ஆம் ஆண்டுக்கும் 1977 ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெங்காயம், மிளகாய் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் நிமிர்ந்து நடந்த காலம் அது. அப்புவும் அக்காலத்திலேதான் ஓலை வீட்டை ஓட்டு வீடாக்கினார். சிறிய தாயாரின் சீதனத்துக்கும் பணம் சேர்த்தார். 1977இன் பின்னர் இறக்குமதி திறந்துவிடப்பட, விலை சரிந்தது. அதுபற்றி அவர் முறையிட்டுப் புலம்பியதாக எவரும் சொல்லக் கேட்டிலோம். "மண் இருக்குது, கை இருக்குது" என்பாராம்.

அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு வரையே. ஆயினும் மாலையில் தோட்டத்திலிருந்து வந்து குளித்து, திருநீறு பூசி, சாய்மனைக் கதிரையில் அமர்ந்து, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந் தேநீர் அருந்தியவாறே பத்திரிகையைப் பிரித்தாரானால், முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்த பின்பே மடிப்பார். முதலிற் படிப்பது மரண அறிவித்தல்களை. வானொலியில் மரண அறிவித்தல் போகும் நேரத்தில் வீட்டிலே எவரும் வாய் திறத்தல் கூடாது. சிறுவர்களாகிய எமக்கு அது வேடிக்கையாக இருந்தது. "அப்பு, இண்டைக்கு ஆர் ஆர் செத்தவை?" என்று கேலி செய்வோம். அவர் கோபிப்பதில்லை. "செத்தவையை நாங்கள் நினைக்காட்டி வேறை ஆர் மோனை நினைக்கிறது?" என்பார்.

றங்குப்பெட்டி

அப்புவின் கட்டிலின் கீழே ஒரு றங்குப்பெட்டி இருந்தது. அதில் உறுதிகளோ நகைகளோ இருக்கவில்லை. கல்வெட்டுகள் இருந்தன.

மாணவ வாசகர்களுக்காகச் சிறிது விளக்குதல் வேண்டும். கல்வெட்டு என்றால் கல்லிலே பொறித்த சாசனம் என்பது பொதுப் பொருள். யாழ்ப்பாணத்திலோ அச்சொல்லுக்கு இன்னுமொரு பொருள் உண்டு. ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாட் கிருத்தியத்தன்று, அவரைப் பற்றிய சிறு நூலொன்றை அச்சிட்டு வந்தோருக்கு வழங்குவர், அதுவும் கல்வெட்டே. அதிலே மறைந்தவரின் படமும், பிறந்த ஊரும், முன்னோர் மரபும், மணம் முடித்த இடமும், மக்கள் மருமக்கள் பெயர்களும் இருக்கும். இறந்த வருடம், மாதம், பக்கம், திதி என்பவற்றை அமைத்து ஒரு திதி வெண்பா இருக்கும். பின்னர் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என ஒவ்வோர் உறவினரும் அழுவதாகப் பாடல்கள் வரும். ஊர்ப் புலவர் ஒருவரோ, தமிழாசிரியர் ஒருவரோ அவற்றைப் பாடிக் கொடுப்பார். முற்காலத்தில் அதனை இராகத்தோடு சபையிலே வாசிப்பதும், கேட்போர் கண்ணீர் விடுவதும் வழக்கம்.

அப்பு இருநூறுக்கு மேற்பட்ட கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தார். உறவினருடையவை மாத்திரமல்ல, சுற்றுவட்டாரத்தில் எந்தச் செத்தவீட்டுக்குப் போனாலும் முப்பத்தோராம் நாளும் போய், கல்வெட்டை வாங்கி வந்து பெட்டியில் வைப்பார். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூல்நிலையம் எரிக்கப்பட்ட செய்தி கேட்டு, துவிச்சக்கர வண்டியிலே நகருக்குச் சென்று பார்த்து வந்தவர், அன்றிரவு பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கல்வெட்டுக்கும் இடையே காய்ந்த வேப்பிலை வைத்துப் பூட்டுப் போட்டார் என்று ஆச்சி சொல்லுவார்.

அந்தப் பெட்டி ஊருக்குப் பயன்பட்டது. ஆட்டைத் திவசம் நெருங்கினால், "அண்ணை, எங்கடை ஐயாவின்ரை திதியை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று எவராவது படலையைத் திறந்துகொண்டு வருவர். கலியாணப் பேச்சுக்காரர் வருவர். மலாயாவுக்கு உத்தியோகம் பார்க்கப் போனவர் யார், காலியிலே சுருட்டுக்கடை வைத்திருந்தவர் யார், அவருக்கு எந்த ஊரிலே பெண் எடுத்தார்கள் என்பனவெல்லாம் அப்பெட்டியில் இருந்தன. வரலாற்று நூல்களில் இடம்பெறாத சாதாரண மாந்தரின் வரலாறு அது. அப்பு அவ்வாறெல்லாம் பெரிய வார்த்தை பேச அறியார். கேட்டவருக்குத் திதியைச் சொல்லி, ஒரு வாய் வெற்றிலையும் கொடுத்து அனுப்புவார்.

மாரி மழையில்

1995 ஆம் ஆண்டு ஐப்பசி 30 ஆம் நாள் மாலை, வலிகாமத்து மக்கள் எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. அந்த இரவை அறிந்தவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அறியாத இளைஞர்கள் தம் பெற்றோரைக் கேட்பார்களாக. இலட்சக்கணக்கானோர் ஒரே இரவிலே, மழையிலே, ஒரே வழியாய்த் தென்மராட்சியை நோக்கி நடந்தனர்.

எம்மிடம் இரண்டு துவிச்சக்கர வண்டிகள் இருந்தன. அப்புவுக்கு வயது எண்பத்தொன்று. எமக்குப் பதினேழு, உயர்தர வகுப்பு மாணவர். அப்பு றங்குப்பெட்டியை முற்றத்துக்கு இழுத்து வந்து வைத்துவிட்டு எம் முகத்தைப் பார்த்தார். நாமோ பதற்றத்திலும் பயத்திலும், "அப்பு, உயிர் தப்புறதே பெரிசு. உந்தக் கடதாசியளை ஆர் காவுறது?" என்று கத்தினோம். அப்பு ஒரு கணம் நின்றார். "சரி மோனை, அரிசியை ஏத்து" என்றார். பெட்டியை மீண்டும் வீட்டினுள் கொண்டுபோய் வைத்துக் கதவைப் பூட்டினார். அரிசி மூட்டைக்கு மேலே எம்முடைய பாடப் புத்தகங்களை வைத்துக் கட்டினோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எம் கடதாசிகளுக்கு வண்டியில் இடம் இருந்தது.

நாவற்குழிப் பாலத்தைக் கடக்கும்போதே விடிந்துவிட்டது. கொடிகாமத்துக்கு அப்பால், தென்னந்தோப்பொன்றிலே ஓலைக் கொட்டில் கட்டிக்கொண்டு இருந்தோம். ஜாம் போத்தல் விளக்கிலே நாம் படிப்பதைப் பார்த்துக்கொண்டு அப்பு பாயில் படுத்திருப்பார். மாரிக் குளிர் அவர் நெஞ்சைப் பிடித்தது. யுவ வருடம் தை மாதத்துப் பூர்வபக்கப் பஞ்சமியில், விடியற்காலம் மூன்று மணியளவில், அவருடைய பழைய இறைப்பு நேரத்திலேயே, அவர் உயிர் பிரிந்தது.

ஒன்பது பேரப்பிள்ளைகளிலே மூவர் மாத்திரம் நெய்ப்பந்தம் பிடித்தோம். மற்றையோர் கடல் கடந்த நாடுகளில் இருந்தனர். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவே பல நாட்கள் சென்றன. இரவல் உரலில் சுண்ணம் இடிக்க, எம்மைப் போலவே இடம்பெயர்ந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஏடு எதுவுமின்றித் திருப்பொற்சுண்ணத்தின் இருபது பாடல்களையும் பாடினார். சாம்பலைக் கீரிமலையிலே கரைக்க வேண்டும் என்று ஆச்சி அழுதார். 1990 ஆம் ஆண்டு முதலே கீரிமலைப் பகுதி பொதுமக்கள் நினைத்தபடி போகக்கூடிய இடமாக இருக்கவில்லை. கச்சாய்க் கடலிலே கரைத்தோம்.

முப்பத்தோராம் நாள் வந்தது. அச்சியந்திரசாலை இல்லை, கடதாசி இல்லை, தேசிய அடையாள அட்டையில் உள்ளதைத் தவிர ஒரு படந்தானும் இல்லை. ஊரார் எல்லோருடைய கல்வெட்டையும் காத்து வைத்தவருக்குக் கல்வெட்டு இல்லாமற் போயிற்று.

1996 ஆம் ஆண்டு சித்திரைக்குப் பின்னர் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரையும் கதவும் இருக்கவில்லை. பெட்டியும் இல்லை. கடதாசிகள் மழையில் ஊறி முற்றத்து மண்ணோடு மண்ணாய்க் கிடந்தன. அடுத்த ஆண்டு, அயலூர் அம்மையார் ஒருவர் தம் தந்தையாரின் திதியைக் கேட்டு வந்தார். அப்பு காலமானதை அவர் அறிந்திருக்கவில்லை. இரண்டு செய்திகளையும் நாமே சொல்ல வேண்டியதாயிற்று. அவர் திரும்பிப் போன நடை இன்றும் எம் கண்ணில் நிற்கிறது.

கல்வெட்டில் வராத செய்தி

கல்வெட்டுகளில் ஒரு குறை உண்டு. அவற்றிலே எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் தருமவான்கள். எம் அப்புவைப் பற்றியும் அவ்வாறு எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அது முழு உண்மை ஆகாது.

அப்புவின் தோட்டத்திலே நாற்பது ஆண்டுகள் வேலை செய்த ஒருவர் இருந்தார். துலா மிதிக்கும் காலந்தொட்டு அப்புவோடு உழைத்தவர். அவருக்கு எம் வீட்டிலே தேநீர் கொடுப்பது தனியான ஒரு தகரப்பேணியில். குடித்து முடித்ததும் அவர் அதனைத் தாமே கழுவி, கோடிப்புறத்து வேலியோரம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். மூக்குப்பேணியும் வெள்ளிக் குவளையும் இருந்த வீட்டில் அந்தத் தகரப்பேணி ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. சாதியின் பெயரால் நடந்த அவ்வநியாயத்தை அப்பு அநியாயமாகக் கருதினாரில்லை. செத்தவரையெல்லாம் நினைவில் வைத்திருந்த மனிதர், உயிரோடு எதிரே நின்றவரின் மனத்தை நினைத்துப் பார்க்கவில்லை. அவருடைய பெட்டியிலே அந்த மனிதரின் பெற்றோருக்கு ஒரு கல்வெட்டும் இருக்கவில்லை.

இடம்பெயர்ந்த அவ்விரவில், அப்புவைத் தம் வண்டியின் பின்னால் ஏற்றி, உருட்டிக்கொண்டு கொடிகாமம் வரை வந்து சேர்த்தவர் அவரே. எமக்கு அடுத்த கொட்டிலில் அவர் குடும்பம் இருந்தது. ஒருநாட் காலை அவர் மனைவியார் தேநீர் வைத்துக் கொண்டு வந்தார். எம் தாயார் திகைத்துப் போனார். அப்பு எழுந்திருந்து அதனை வாங்கிக் குடித்தார். குடித்து முடித்ததும், மெல்ல எழுந்து போய், அக்குவளையைத் தாமே கழுவி, அவர்கள் கொட்டில் வாசலிலே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. நாற்பது ஆண்டுக் கணக்கு ஒரு குவளையாலே தீர்ந்துவிட்டது என்று நாம் சொல்ல வரவில்லை. அவரும் அவ்வாறு நினைத்திருப்பார் என்று தோன்றவில்லை. ஆனால் அப்புவின் கல்வெட்டை எழுதுவதாயின் தகரப்பேணியும் அந்தக் குவளையும் சேர்ந்தே அதில் இடம்பெற வேண்டும். அன்பு உள்ள இடத்திலே உண்மைக்கும் இடம் இருக்க வேண்டுமன்றோ?

மூன்றாவது பெயர்

கீரிமலையிலிருந்து திரும்பிய அன்றே விசாரிக்கத் தொடங்கினோம். கனடாவிலிருக்கும் பெரிய மாமாவுக்கு நினைவு மங்கிவிட்டது. "கேக்க வேண்டிய காலத்திலை கேக்கேல்லையே, தம்பி" என்றார். இறுதியிலே, கொழும்பிலிருக்கும் உறவினர் ஒருவர் வீட்டு அலமாரியில், அப்புவின் தம்பியாருடைய கல்வெட்டு அகப்பட்டது. 1968 ஆம் ஆண்டு அச்சானது. தாள் மஞ்சளித்து ஓரம் உதிர்ந்திருந்தது. அப்புவின் பெட்டியிலும் அதன் பிரதி ஒன்று நிச்சயமாக இருந்திருக்கும். மரபு கூறும் பகுதியை விரல் வைத்துப் படித்தோம். அங்கே மூன்றாவது பெயர் இருந்தது. அது வேறொரு பெயரன்று, அப்புவின் பெயரே.

பேரன் என்னும் சொல் பெயரன் என்பதன் திரிபு. பாட்டனின் பெயரைப் பேரப்பிள்ளைக்கு இடும் பழைய வழக்கத்தால் அப்பெயர் வந்தது. யாழ்ப்பாணத்திலே பாட்டனையும் பேரன் என்றே சொல்லுகிறோம். மூத்த பிள்ளையாகிய அப்புவுக்கு அவருடைய பேரனாரின் பெயரை இட்டிருக்கிறார்கள். தெரியாது என்று நாம் தலைகுனிந்த பெயர், பிறந்த நாள்தொட்டு எம் வீட்டிலே வழங்கிய பெயர்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பேரனாரோ பேர்த்தியாரோ இருந்தால், இன்று மாலையே ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் அமருங்கள். பெயர்களைக் கேளுங்கள், ஊர்களைக் கேளுங்கள், எந்தக் கிணற்றில் இறைத்தார், யாரோடு இறைத்தார் என்று கேளுங்கள். சொல்லத் தயங்குவதையும் பணிவோடு கேளுங்கள். வீட்டிலே பழைய கல்வெட்டுகள் இருந்தால் கழிவுக் கடதாசியோடு போட்டுவிடாதீர்கள். 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் மின்னூலகத்திலே இத்தகைய நினைவு மலர்களையும் சேர்த்து, எவரும் படிக்க வைத்திருக்கிறார்கள். மழையோ நெருப்போ வந்தாலும் அழியாதபடி அவற்றுக்கு ஒரு பிரதியேனும் இருக்கட்டும்.

தம்மவர் இறந்த நாளையே அறியாத குடும்பங்கள் 2009 ஆம் ஆண்டின் பின்னர் எம்மிடையே எத்தனையோ உண்டு. இறந்தார் என்பதையே ஏற்க இயலாது காத்திருப்போரும் உண்டு. அவர்களுக்குச் சொல்லத்தக்க ஆறுதல் எம்மிடம் இல்லை. திதி தெரிந்திருப்பதுங்கூட ஒரு பேறு என்பதை அவர்களைப் பார்த்தே உணர்ந்தோம்.

வருகின்ற தை மாதத்துப் பஞ்சமியில் அப்புவின் திவசம். வெண்பா யாக்க நாம் அறியோம். அறிந்தவற்றை உரைநடையிலே எழுதி, அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து முன்னட்டையில் இட்டு, ஒரு சிறு கல்வெட்டு அச்சிடக் கொடுத்திருக்கிறோம். முதற் பிரதியை, எம் தோட்டத்திலே நாற்பது ஆண்டு உழைத்தவரின் மகனிடம் கொடுக்க எண்ணியுள்ளோம். அவர் தந்தையாரும் காலமாகிவிட்டார். திதியை அவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம்.